ரூல்ஸுக்காக உருவான 25 கார்கள்! அமெரிக்க இன்ஜின், இத்தாலி அழகு... கன்னிங்ஹாம் சி-3 கதை தெரியுமா?

'ஃபோர்டு வெர்சஸ் ஃபெராரி' படம் பார்த்திருக்கீங்களா? 1966-ல் பிரான்ஸ் நாட்டின் லு மான்ஸ் 24 மணி நேர ரேஸில் ஃபெராரியை ஃபோர்டு வீழ்த்திய கதை. லு மான்ஸில் ஓர் அமெரிக்க கார் முதலிடம் பிடித்தது அதுதான் முதல்முறை.

ஆனா, அதே கனவோடு 1950-லேயே பிரான்ஸுக்குக் கிளம்பியவர் ஒருத்தர் இருக்கார். பெயர் பிரிக்ஸ் கன்னிங்ஹாம். ஃபோர்டு மாதிரி பெரிய கம்பெனி எதுவும் அவர் பின்னால் இல்லை. செலவழித்தது சொந்தப் பணம். அந்த முயற்சியின் நடுவில் பிறந்ததுதான் 'கன்னிங்ஹாம் சி-3'. மொத்தமே சுமார் 25 கார்கள்தான் தயாரானதாகச் சொல்லப்படுகிறது.

இதில் வேடிக்கை என்னன்னா, இந்த காரைத் தயாரிப்பது அவருடைய நோக்கமே இல்லை. ஒரு ரேஸ் விதிக்காகத்தான் இது பிறந்தது. பின்னால் ஒரு வரி விதி இந்தத் தயாரிப்பையே முடித்து வைத்தது. அது எப்படி? பார்க்கலாம்.

யார் இந்த கன்னிங்ஹாம்?

1907-ல் அமெரிக்காவின் சின்சினாட்டி நகரில் பிறந்தவர். பெரும் பணக்காரக் குடும்பம். கார், பாய்மரப் படகு இரண்டும்தான் அவருக்கு உயிர்.

1950-ல் இரண்டு காடிலாக் கார்களோடு லு மான்ஸுக்குப் போனார். ஒன்று, ஷோரூமில் வாங்கியதில் பெரிய மாற்றம் எதுவும் செய்யாத சொகுசு கார். இன்னொன்றுக்கு, காற்றைக் கிழித்துப் போகணும் என்று விமானப் பொறியாளர் ஒருவரின் உதவியோடு அலுமினியத்தில் புது பாடி போட்டிருந்தார். தட்டையாக, பெட்டி மாதிரி இருந்த அந்த காரைப் பார்த்த பிரெஞ்சு ரசிகர்கள் வைத்த பட்டப்பெயர் 'லு மான்ஸ்டர்'. அதாவது 'பூதம்'!

ரேஸின் ஆரம்பத்திலேயே அந்த பூதம் மணலில் சிக்கியது. கன்னிங்ஹாமே இறங்கி மணலைத் தோண்டித்தான் காரை வெளியே எடுத்தார். அப்படியும் 24 மணி நேரம் முடிந்தபோது காடிலாக்குக்கு 10-வது இடம், பூதத்துக்கு 11-வது இடம். 'அடுத்த தடவை என் சொந்த காரோட வர்றேன்' என்ற வைராக்கியம் அங்கேதான் பிறந்தது.

அந்த '25' விதி என்ன?

அமெரிக்கா திரும்பியவர், ஃபுளோரிடாவின் வெஸ்ட் பாம் பீச் நகரில் சொந்தப் பட்டறை தொடங்கினார். 1951-ல் சி-2ஆர் என்ற ரேஸ் கார்கள் தயாராயின.

அப்போதுதான் ஒரு சிக்கல். லு மான்ஸில் கார் தயாரிப்பாளர் என்ற அங்கீகாரம் வேண்டுமானால் ரேஸுக்கு மட்டும் இரண்டு மூன்று கார்கள் செய்தால் போதாது. பொதுமக்கள் வாங்கி ரோட்டில் ஓட்டக்கூடிய கார்களையும் தயாரிக்கணும். அந்த எண்ணிக்கைதான் 25.

வெள்ளித்தட்டில் சாப்பிடும் பணக்காரருக்கு 25 கார்கள் ஒரு பிரச்சனையா என்று தோணலாம். பிரச்சனை பணம் மட்டும் இல்லை. ஃபுளோரிடா பட்டறையில் ஒவ்வொரு காரையும் கையால் செய்தால் மாதக்கணக்கில் இழுக்கும். ஆட்கள் எல்லாரும் அதிலேயே மூழ்கிவிட்டால் ரேஸ் காரை யார் செய்வது? அதோடு, அடக்க விலையும் எங்கேயோ போய்விடும்.

அதனால் பாடி செய்யும் வேலையை மட்டும் இத்தாலிக்கு அனுப்ப முடிவு செய்தார்.

இத்தாலி ஏன்?

அன்றைக்கு இத்தாலியின் டுரின் நகரம் கார் பாடி கட்டும் கலைஞர்களின் ஊர். உலோகத் தகட்டைக் கையால் தட்டித் தட்டியே வளைவு நெளிவு கொண்டுவரும் பட்டறைகள் அங்கே நிறைய. அதில் முக்கியமானது வின்யாலே. ஃபெராரி கார்களுக்கே பாடி கட்டிக் கொடுத்த பட்டறை. அதற்கு டிசைன் வரைந்தவர் ஜியோவானி மிகெலோட்டி.

ஃபுளோரிடாவில் சேஸி, இன்ஜின் வேலை முடியும். அது கப்பல் ஏறி இத்தாலிக்குப் போகும். வின்யாலே பாடி கட்டித் திருப்பி அனுப்பும். பிறகு அமெரிக்காவில் விற்பனை. அட்லாண்டிக் பெருங்கடலைப் போக ஒரு தடவை, வர ஒரு தடவை தாண்டிய பிறகுதான் கார் வாடிக்கையாளர் கைக்கு வரும்!

1950-களின் அமெரிக்க கார்கள் என்றாலே பெரிய உடம்பு, எங்கு பார்த்தாலும் குரோம் பளபளப்பு. சி-3 அந்த ரகமே இல்லை. நீளமான பானெட், தாழ்ந்த கூரை, கட்டம் போட்ட கிரில். அன்றைய வின்யாலே ஃபெராரிகளின் சாயல் இதில் அப்படியே தெரியும். நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகம் 1953-ல் 'பத்து கார்கள்' என்ற கண்காட்சி நடத்தியபோது, வின்யாலே பாடி கொண்ட கன்னிங்ஹாம் காருக்கும் அதில் இடம் கிடைத்தது.

உள்ளே இருந்தது அமெரிக்க முரடன்!

வெளியே இத்தாலி என்றாலும், பானெட்டைத் திறந்தால் அமெரிக்கா. உள்ளே கிரைஸ்லர் கம்பெனியின் 5.4 லிட்டர் வி8 இன்ஜின். இந்த வகைக்கு 'ஹெமி' என்று பெயர்.

ஹெமி என்றால்? இன்ஜினில் பெட்ரோலும் காற்றும் எரியும் அறையின் மேல்பகுதி, கவிழ்த்து வைத்த தேங்காய் மூடி மாதிரி அரைக்கோள வடிவில் இருக்கும். இந்த வடிவத்தில் பெரிய வால்வுகளை எதிரெதிராகப் பொருத்த முடியும். காற்று தாராளமாக உள்ளே வந்து வெளியே போகும். அதனால் சக்தி கூடும். கிரைஸ்லர் கொடுத்த 180 குதிரைத்திறனை, நான்கு கார்புரேட்டர்கள் வைத்து சுமார் 220 ஆக உயர்த்தியது கன்னிங்ஹாம் டீம்.

விலை? கூபே மாடல் அறிமுகமானபோது சுமார் 9,000 டாலர். பிறகு 10,000-ஐயும் தாண்டியது. அந்தக் காலத்தில் ஒரு சாதாரண செவர்லே குடும்ப காரை 2,000 டாலருக்குள் வாங்கிவிடலாம். அதாவது, ஒரு சி-3 வாங்கும் காசில் நாலைந்து செவர்லே!

பொதுவாகச் சொல்லப்படும் கணக்குப்படி 20 கூபே, 5 கன்வெர்டிபிள். பின்னாளில் அமெரிக்கத் துணை அதிபரான நெல்சன் ராக்பெல்லரும் இதை வாங்கியவர்களில் ஒருவர்.

ரேஸில் என்ன ஆச்சு?

லு மான்ஸில் கன்னிங்ஹாம் கார்களின் ரிப்போர்ட் கார்டு இது:

1951 - 18-வது இடம்
1952 - 4-வது இடம்
1953 - 3-வது இடம்
1954 - 3-வது மற்றும் 5-வது இடம்
1955 - பாதியிலேயே வெளியேற்றம்

1952 ரேஸில், மொத்தம் 24 மணி நேரத்தில் சுமார் 20 மணி நேரம் ஸ்டீயரிங்கைப் பிடித்திருந்தவர் கன்னிங்ஹாமேதான். அப்போது அவருக்கு வயது 45!

1953-ல் நேர் பாதையில் சீறிப் பாய்ந்தது அவருடைய சி-5ஆர். ஆனால் ஜாகுவார் கார்களில் டிஸ்க் பிரேக் வந்துவிட்டது. கன்னிங்ஹாம் காரில் இருந்ததோ பழைய டிரம் பிரேக். வேகமாகப் போகிற கார் வளைவுக்கு முன்னால் சீக்கிரமே பிரேக் பிடித்தாக வேண்டும். நேர் பாதையில் சம்பாதித்த நேரம் வளைவில் போய்விடும். ஜெயித்தது ஜாகுவார்.

முதலிடம் கடைசி வரை கிடைக்கவே இல்லை.

கதையை முடித்த வரி விதி

ஒவ்வொரு வருஷமும் கன்னிங்ஹாமுக்கு நஷ்டம்தான். ஆனாலும் அதைத் தொழில் நஷ்டமாகக் கணக்கு காட்டி வரியில் கழிக்க முடிந்தது. அதற்கும் ஒரு கெடு இருந்தது. தொடர்ந்து 5 வருஷம் பெரிய நஷ்டம் வந்தால், அது தொழில் இல்லை, பொழுதுபோக்கு என்பது அமெரிக்க வரித்துறையின் நிலை. பொழுதுபோக்குச் செலவுக்கு வரிச்சலுகை ஏது?

5 வருஷம் முடிந்தது. 1955-ல் கன்னிங்ஹாம் கார் தயாரிப்பு நின்றது.

சென்னைக்கும் இதற்கும் ஒரு தொடர்பு!

சி-3 காரை வரைந்த மிகெலோட்டியின் கைவண்ணத்தை நம்ம ஊர்க்காரர்கள் நேரிலேயே பார்த்திருக்கிறார்கள். எப்படின்னு கேக்கறீங்களா? 1959-ல் பிரிட்டனில் வந்த ட்ரையம்ப் ஹெரால்டு காரை டிசைன் செய்தவரும் அவரேதான். அதே கார், 1961 முதல் சென்னையில் 'ஸ்டாண்டர்ட் ஹெரால்டு' என்ற பெயரில் தயாரானது. வீட்டில் பெரியவங்க இருந்தா கேட்டுப் பாருங்க, ஹெரால்டு பற்றி ஒரு கதையாவது சொல்வாங்க.

தோற்றவர் விட்டுப்போனது என்ன?

கன்னிங்ஹாம் அதோடு வீட்டில் உட்காரவில்லை. 1958-ல் 'கொலம்பியா' படகின் கேப்டனாக, அமெரிக்கா கோப்பை பாய்மரப் படகுப் போட்டியில் ஜெயித்தார். பாயை இழுத்துச் சரிசெய்ய அவர் கண்டுபிடித்த கயிற்று முறைக்கு இன்றைக்கும் 'கன்னிங்ஹாம்' என்றுதான் பெயர். 2003-ல் காலமானார்.

கார்களின் நடுவில் நீளவாக்கில் இரட்டைக் கோடு போடுகிறார்களே, அந்த ஸ்டைலைப் பிரபலமாக்கியதிலும் அவருக்குப் பங்கு உண்டு. வெள்ளை காரில் நீலக் கோடுகள் என்பது அமெரிக்க ரேஸ் கார்களின் அடையாளம். அதை லு மான்ஸில் வருஷா வருஷம் காட்டியது அவருடைய டீம்.

அவர் சேர்த்து வைத்த கார்களை 1986-ல் மைல்ஸ் கோலியர் என்பவர் வாங்கினார். இன்று அவை ஃபுளோரிடாவின் நேப்பிள்ஸ் நகரில் உள்ள ரெவ்ஸ் இன்ஸ்டிடியூட்டில் இருக்கின்றன. அந்தக் கோலியரின் அப்பாவும் பெரியப்பாவும்தான் 1950-ல் கன்னிங்ஹாமின் காடிலாக்கை 10-வது இடத்துக்கு ஓட்டிச் சென்றவர்கள்!

ஜெயிக்கணும் என்று பார்த்துப் பார்த்துச் செய்த ரேஸ் கார்கள் கோப்பையைக் கொண்டுவரவில்லை. 'ரூல்ஸ் கேட்குதே' என்று செய்த சி-3 கார்களுக்குத்தான் இன்றைக்கும் ஏலத்தில் கை உயர்கிறது. விலை, பல லட்சம் டாலர்.