ஐயம்பேட்டையின் வரலாறு கணக்கேடுகளில் இருக்கிறது

காஞ்சிபுரத்திலிருந்து வாலாஜாபாத் போகும் சாலையில் உள்ள ஐயம்பேட்டைக்குத் தனி வரலாறு உண்டா என்று கேட்டால், பெரும்பாலோர் காஞ்சியைக் கைகாட்டிவிடுவார்கள். பல்லவர், கோயில், பட்டு என்று பேச்சு அங்கேயே போய்விடும். உத்திரமேரூருக்கு அந்தக் கதி நேரவில்லை. முதலாம் பராந்தகன் காலத்தில், 919லும் 921லும், அந்த ஊர்ச் சபை குடவோலைத் தேர்தல் விதிகளைச் சுவரில் வெட்டி வைத்தது. தன் அன்றாட நிர்வாகத்தைத் தானே எழுதி வைத்த ஊர் அது. சிற்றூர்களின் வரலாற்றுக்கு அரசர் கதையைவிட இத்தகைய ஊர் எழுத்துதான் ஆதாரம். ஐயம்பேட்டை போன்ற நெசவு ஊருக்கு அந்த ஆதாரம் கணக்கேடு.

காஞ்சிக்கு அருகிலுள்ள புள்ளலூரைப் பாருங்கள். 1780 செப்டம்பர் 10 அன்று ஹைதர் அலியும் திப்புவும் கர்னல் பெய்லி தலைமையிலான கிழக்கிந்தியக் கம்பெனிப் படையை அங்கே முறியடித்தார்கள். காஞ்சியில் இருந்த கம்பெனித் தளபதி மன்றோ, கனத்த பீரங்கிகளைக் குளத்தில் தள்ளிவிட்டுப் பின்வாங்கினார். ஸ்ரீரங்கப்பட்டணத்து தரியா தௌலத் மாளிகைச் சுவரில் அந்தப் போர் இன்றும் ஓவியமாக இருக்கிறது. அதில் புள்ளலூர்க் குடியானவருக்கு இடமில்லை. அவர்களைப் போன்றோரைக் காண வேண்டுமானால், போருக்குச் சற்று முன் எழுதிய ஓலைகளைத்தான் புரட்ட வேண்டும். 1767 முதல் 1774 வரை கம்பெனிப் பொறியாளர் தாமஸ் பர்னார்டு இந்தப் பகுதி அடங்கிய செங்கல்பட்டு ஜாகீரில் ஏறத்தாழ 2,000 ஊர்களை அளந்தார். ஊர்க் கணக்குப்பிள்ளைகளின் ஓலைகளில் வீடுகள், சாதிகள், ஏரி குளங்கள், நஞ்சை புஞ்சை எல்லாம் பதிவாயின. களத்தில் நெல் அளக்கும்போது கோயிலுக்கு எவ்வளவு, தச்சருக்கும் கொல்லருக்கும் வண்ணாருக்கும் எவ்வளவு என்பதும் அவற்றில் உண்டு. திருப்போரூர், வடக்குப்பட்டு ஊர்களின் கணக்குகள் நூலாகவே வந்துவிட்டன.

வரி வாங்க எழுதிய கணக்கில் மக்கள் வாழ்க்கை எங்கே என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. களத்தில் கடைசியாக அளந்து வாங்கியவரின் மனம் அதில் இல்லை. ஆனால் அவருக்கு எவ்வளவு கிடைத்தது, அவருக்கு மேலே இருந்தவர் எவ்வளவு எடுத்துக்கொண்டார் என்பது இருக்கிறது. ஊர் ஒற்றுமையாக வாழ்ந்தது என்ற பழம்பெருமைப் பேச்சைச் சோதித்துப் பார்க்க அந்த எண்களே போதும்.

தறிக்கும் இது பொருந்தும். கரையை உடலோடு கோத்து நெய்யும் கோர்வைச் சேலைக்கு மூன்று நாடா: உடலுக்கு ஒன்று, இரு கரைகளுக்கும் ஒவ்வொன்று. ஒரு பக்கக் கரையின் நாடாவைத் தள்ள இன்னொரு கை வேண்டும். பல காலம் அது வீட்டுப் பிள்ளையின் கையாக இருந்தது. தார் சுற்றியவர்கள் பெண்கள். கூலி ஏட்டில் பெயர் ஒன்றுதான், உழைப்போ வீடு முழுதும். அப்படியானால் ஏடு எதற்கு, பெரியவர்களைக் கேட்டாலே போதாதா? போதாது. பாவு எப்போது வந்தது, பிடித்தம் எவ்வளவு, கூலி எந்த ஆண்டு உயர்ந்தது என்பதையெல்லாம் நினைவு மாற்றிச் சொல்லிவிடும். ஏட்டில் விடுபட்ட கைகளை நினைவுதான் சொல்லும். இரண்டையும் அருகருகே வைத்தால்தான் நெசவுத் தெருவின் வரலாற்றை எழுத முடியும். கூட்டுறவுச் சங்கங்களிலும் முதலாளிமார் வீடுகளிலும் கிடக்கும் பழைய பட்டுவாடா ஏடுகளை எடைக்குப் போடுமுன் ஸ்கேன் செய்து, ஒரு பிரதி ஊராட்சியிலும் ஒன்று சென்னை எழும்பூர் ஆவணக் காப்பகத்திலும் வைக்க வேண்டும். பிள்ளைப் பருவத்தில் நாடா தள்ளியவர்கள் உயிரோடு இருக்கும்போதே தொடங்க வேண்டிய வேலை இது.