முள் மேல ஏறலையா? சந்தோஷப்படாதீங்க: டீசல் காரின் டெம்பரேச்சர் மீட்டர் சொல்லும் கணக்கு

போன மாசம் ஒரு ஞாயித்துக்கிழமை நெய்வேலியில் இருந்து ஒரு தம்பி போன் பண்ணினார். சுரங்கத்தில் வேலை. மூணு வருஷமா அவருக்கு நான்தான் வருமான வரி ரிட்டர்ன் போட்டுத் தரேன். "அண்ணா, ஒரு சின்ன சந்தேகம். இன்ஜின் ரிப்பேர் பில்லை இன்சூரன்ஸ்ல க்ளெய்ம் பண்ண முடியுமா?"

பில் எவ்வளவுன்னு கேட்டேன். 74,000 ரூபாய். தங்கச்சி கல்யாணத்துக்குன்னு தனியா எடுத்து வெச்சிருந்த பணத்தில் இருந்துதான் கட்டியிருக்கார்.

நடந்தது இதுதான். செகண்ட் ஹேண்ட்ல வாங்கின டீசல் கார். மூணு மாசமாவே டெம்பரேச்சர் முள் ஒழுங்கா நிக்கலை. ஒரு நாள் ஏறும், ஒரு நாள் கீழேயே கிடக்கும். காட்டின இடத்தில் "மீட்டர்தான் கம்ப்ளெயின்ட், வண்டிக்கு ஒண்ணும் இல்ல, தைரியமா ஓட்டுங்க"ன்னு சொல்லிட்டாங்க. அப்புறம் சென்னைக்குப் போகும்போது, விழுப்புரம் தாண்டி முள் விறுவிறுன்னு மேல ஏறியிருக்கு. இவர் ஓரம் கட்டலாமான்னு யோசிக்கும்போதே அதுவா கீழே இறங்கிடுச்சு. "அப்பாடா, சரியாயிடுச்சு"ன்னு இன்னும் இருபது நிமிஷம் ஓட்டியிருக்கார். முள் இறங்கினது இன்ஜின் குளிர்ந்ததால இல்ல. கூலன்ட் மொத்தமும் வெளியே போய், சென்சாரைச் சுத்தித் தண்ணியே இல்லாததால. ஹெட் கேஸ்கெட் போச்சு, சிலிண்டர் ஹெட்டும் வளைஞ்சுபோச்சு.

பணத்தைப் பத்திப் பேசற ஆள் எதுக்கு ரேடியேட்டரைப் பத்திப் பேசறாருன்னு கேக்கறீங்களா? சம்பளம் வாங்கற நம்மில் பலருக்கு வீட்டுக்கு அடுத்த பெரிய செலவு கார்தான். இந்தக் கோளாறை ஆரம்பத்திலேயே கண்டுபிடிச்சா சில ஆயிரத்தோட முடியும். விட்டா அரை லட்சத்தைத் தாண்டும். நான் மெக்கானிக் இல்ல. ஆனா ஒரு பில்லைப் பார்த்து "இது ஏன் வந்துச்சு"ன்னு பின்னாடி போய்த் தேடறதுதான் என் தொழில். அப்படித் தேடிக் கத்துக்கிட்டதை அப்படியே சொல்றேன்.

இன்ஜினுக்கு ஏன் சூடு வேணும்?

நெய்வேலிக்காரங்களுக்கு இதை விளக்கறது சுலபம். தெர்மல்ல வேலை பார்க்கிற யாரை வேணும்னாலும் கேளுங்க. முழுசா ஆறிப்போன டர்பைனை எடுத்த உடனே ஃபுல் லோடுக்குக் கொண்டு போகமாட்டாங்க. மெதுவா சுத்தவிட்டு, உலோகம் எல்லாம் சமமா சூடேறின பிறகுதான் லோடு. நம்ம ஊர் பழுப்பு நிலக்கரியில் கிட்டத்தட்ட பாதி ஈரம். எரியும்போது வர்ற சூட்டில் ஒரு பங்கு அந்த ஈரத்தை விரட்டவே செலவாகுது. ஆறிப்போன இன்ஜினும் அப்படித்தான். நீங்க ஊத்தின டீசலில் ஒரு பங்கு வண்டியை நகர்த்தாம, இரும்பையும் ஆயிலையும் சூடாக்கவே போகுது.

இந்தச் சூட்டைக் கட்டுப்படுத்தறது தெர்மோஸ்டாட்னு ஒரு சின்ன வால்வு. உள்ளே மெழுகு இருக்கும். இன்ஜின் ஆறியிருக்கும்போது வால்வு மூடியிருக்கும், கூலன்ட் இன்ஜினுக்குள்ளேயே சுத்தும். பெரும்பாலான கார்களில் 80-லிருந்து 90 டிகிரிக்குள்ள மெழுகு உருகி விரிஞ்சு வால்வு திறக்கும். அதுக்கப்புறம்தான் கூலன்ட் ரேடியேட்டருக்குப் போகும்.

டீசல் இன்ஜின் எரிபொருளை நல்லாப் பயன்படுத்தும். அதனால வீணாகிற சூடு குறைவு, பெட்ரோலை விட மெதுவாத்தான் சூடேறும். நிறுத்தி வெச்சு ஐட்லிங்ல விட்டா இன்னும் மெதுவா ஏறும். பத்து நிமிஷம் வாசல்ல ஓடவிடறது டீசலுக்குத்தான் நஷ்டம். ஸ்டார்ட் பண்ணி அரை நிமிஷம், ஒரு நிமிஷம் விட்டு, முதல் சில கிலோமீட்டர் ஆக்ஸிலரேட்டரை அழுத்தாம ஓட்டினாலே போதும்.

டவுன்ஷிப் ஓட்டத்தில் ஒரு சிக்கல்

குவார்ட்டர்ஸ்ல இருந்து ஷிப்ட்டுக்கு நாலு கிலோமீட்டர், சாயங்காலம் மெயின் பஜாருக்கு ரெண்டு கிலோமீட்டர். இப்படியே ஓடற டீசல் கார் பல நாள் முழுச் சூட்டுக்கே வராது. அப்போ முள் கீழே இருந்தா அது கோளாறு இல்ல, தூரம் பத்தலை. அதனால டவுன்ஷிப்புக்குள்ள ஓட்டிப் பார்த்து முடிவு பண்ணாதீங்க. வடலூர் வழியாவோ பண்ருட்டி பக்கமோ ஒரு 20 கிலோமீட்டர் நிக்காம ஓட்டிட்டு, அப்புறம் முள்ளைப் பாருங்க. நம்ம ஊர் வெயிலில் அதுக்குள்ள முள் வழக்கமான இடத்துக்கு வந்து, அசையாம நிக்கணும்.

முள் என்ன சொல்லுது?

முதல் வகை: முள் மேலேயே வரலை. இல்லைன்னா நிக்கும்போது ஏறி, ஹைவேயில் வேகம் எடுத்தா இறங்குது. பெரும்பாலும் தெர்மோஸ்டாட் திறந்தபடியே மாட்டிக்கிட்டிருக்கு. காலையில் ஆறின இன்ஜினை ஸ்டார்ட் பண்ணி, ரேடியேட்டரின் மேல் ஹோஸைத் தொட்டுப் பாருங்க. ஃபேன், பெல்ட் பக்கம் கை போகக்கூடாது. வால்வு சரியா இருந்தா அந்த ஹோஸ் ரொம்ப நேரம் ஆறியே இருந்து, அப்புறம் சட்டுன்னு சூடாகும். முதல் நிமிஷத்தில் இருந்தே கொஞ்சம் கொஞ்சமா வெதுவெதுப்பானா, வால்வு மூடவே இல்லைன்னு அர்த்தம். சில கார்களில் தெர்மோஸ்டாட் கீழ் ஹோஸ் பக்கம் இருக்கும், அங்கே இந்தச் சோதனை ஒத்துவராது. அதை மெக்கானிக்கிட்ட கேட்டுக்கோங்க.

ரெண்டாவது வகை: முள் குதிக்குது. லிட்டர் கணக்கில் இருக்கிற கூலன்ட் ஒரே நொடியில் சூடாகவும் முடியாது, ஆறவும் முடியாது. அதனால சட்டுன்னு குதிச்சா சென்சார், ஒயரிங், எர்த் கனெக்‌ஷன்னு சந்தேகப்படறது நியாயம்தான். ஆனா அதுக்கு முன்னாடி கூலன்ட் அளவைப் பார்த்தே ஆகணும். அளவு குறைஞ்சாலோ, உள்ளே காத்து அடைச்சிருந்தாலோ சென்சார் தண்ணியில் மூழ்காது. அப்போ இன்ஜின் வெந்துக்கிட்டிருந்தாலும் மீட்டர் "எல்லாம் சுகம்"னு பொய் சொல்லும். அந்தத் தம்பி ஏமாந்தது இங்கேதான்.

மூணாவது வகை: முள் மேல போகுது. எப்போ போகுதுன்னு கவனிங்க. டிராஃபிக்கில் ஏசி போட்டு நிக்கும்போது ஏறி, ஓட ஆரம்பிச்சா இறங்கினா ரேடியேட்டர் ஃபேன் பக்கம் பாருங்க. ஹைவேயில் ஓடும்போதே ஏறினா ரேடியேட்டர் அடைப்பு, வாட்டர் பம்ப், மூடியபடி மாட்டின தெர்மோஸ்டாட்னு பார்க்கணும். கூலன்ட் டேங்கில் இடைவிடாம குமிழி, டிப்ஸ்டிக்கில் ஆயில் பால் கலந்த காபி மாதிரி, சைலன்சரில் நிக்காத வெள்ளைப் புகை, இதில் எது தெரிஞ்சாலும் ஹெட் கேஸ்கெட் சந்தேகம். அதுக்கு மேல வண்டியை ஓட்டாதீங்க.

நிறைய புது கார்களில் முள்ளே இல்ல, வெறும் விளக்குதான். நீலம்னா இன்னும் ஆறியிருக்கு, சிவப்புன்னா அதிகச் சூடு. 20 கிலோமீட்டருக்கு அப்புறமும் நீல விளக்கு அணையலைன்னா அது முதல் வகைக் கோளாறு.

பார்ட் மாத்தறதுக்கு முன்னாடி ஸ்கேன்

"சென்சார் மாத்திப் பார்ப்போம், சரியாகலைன்னா தெர்மோஸ்டாட், அதுவும் இல்லைன்னா மீட்டர்." இந்த வரிசையில் போனா மூணு பார்ட்டுக்கும் நீங்கதான் காசு கட்டணும். முதல்ல ஸ்கேனர் போடச் சொல்லுங்க. பி0128-ன்னு கோடு வந்தா, கூலன்ட் தெர்மோஸ்டாட் காக்க வேண்டிய சூட்டுக்கு வரலைன்னு அர்த்தம். பி0117, பி0118 வந்தா சென்சார் சர்க்யூட் பக்கம் தேடணும். கோடு எதுவும் இல்லைன்னாலும் லைவ் டேட்டா கேளுங்க. ராத்திரி முழுக்க நின்ன வண்டியில், காலையில் ஸ்டார்ட் பண்றதுக்கு முன்னாடி, கூலன்ட் சூடும் உள்ளே போற காத்தின் சூடும் கிட்டத்தட்ட ஒண்ணா இருக்கணும். நெய்வேலியில் நின்னுக்கிட்டு மைனஸ் 40 டிகிரின்னு காட்டினா, இன்ஜின் மேல குத்தம் இல்ல, சென்சார் இணைப்பு அறுந்திருக்கு.

"தெர்மோஸ்டாட்டைக் கழட்டிடலாம் சார்"

இந்த யோசனையை நம்ம ஊரில் அடிக்கடி கேப்பீங்க. "நம்ம வெயிலுக்கு அது எதுக்கு?" கழட்டினா இன்ஜின் எப்பவும் அரைச்சூட்டில்தான் ஓடும். கம்ப்யூட்டர் "இன்னும் வார்ம் ஆகலை"ன்னு நினைச்சு எரிபொருளைக் கூட்டும். ஆயில் கெட்டியாவே இருக்கும், தேய்மானம் ஏறும். 2020 ஏப்ரல்ல பிஎஸ்6 வந்த பிறகு விக்கிற டீசல் கார்களில் புகைக்கரியைப் பிடிக்கிற டிபிஎஃப் ஃபில்டர் இருக்கு. அது தன்னைத்தானே சுத்தம் பண்ணிக்கவும் சூடு வேணும். இல்லைன்னா அடைச்சுக்கும், அந்தச் செலவு தனி.

ஒரு கணக்குப் போடுவோம். மாசம் 1,000 கிலோமீட்டர் ஓட்டறீங்க. 20 கொடுத்த மைலேஜ் இதனால 17 ஆகுதுன்னு வெச்சுக்கலாம். 50 லிட்டருக்குப் பதிலா கிட்டத்தட்ட 58.8 லிட்டர். லிட்டர் 92 ரூபாய்னா மாசம் சுமார் 810 ரூபாய், வருஷத்துக்கு 9,700 ரூபாய்க்கு மேல. நிறைய கார்களில் தெர்மோஸ்டாட்டும் கூலன்ட்டும் சேர்த்து மாத்தற செலவே இதை விடக் குறைவு.

இன்சூரன்ஸ் ஏன் தரலை?

தம்பியின் கேள்விக்கு வருவோம். சாதாரண காம்ப்ரிஹென்சிவ் பாலிசி விபத்து, திருட்டு, தீ, வெள்ளம் மாதிரி விஷயங்களுக்குத்தான். இயந்திரக் கோளாறு அதில் கிடையாது. கோளாறு தெரிஞ்சும் ஓட்டினதால வர்ற பின்விளைவுச் சேதமும் கிடையாது. இன்ஜின் ப்ரொடெக்ட் ஆட்-ஆன் இருந்தாலும், அது பெரும்பாலும் தண்ணி உள்ளே போறதுக்கும் ஆயில் கசிவுக்கும்தான். ப்ரீமியம் கட்டறதுக்கு முன்னாடி அந்தப் பக்கத்தைப் படிங்க. சொந்த உபயோகக் காரோட ரிப்பேர் பில்லை சம்பளக்காரர் வருமான வரியிலும் கழிக்க முடியாது. ஆக, முழுச் சுமையும் உங்க பாக்கெட்டுக்குத்தான்.

சிவப்பு வந்துட்டா

ஏசியை அணைங்க. பாதுகாப்பா ஓரம் கட்டி இன்ஜினை ஆஃப் பண்ணுங்க. நிறுத்த இடம் தேடற அந்தக் கொஞ்ச நேரத்துக்கு ஹீட்டரை ஃபுல்லா வைங்க, இன்ஜின் சூட்டில் கொஞ்சம் உள்ளே வந்துடும். ரேடியேட்டர் மூடியை சூட்டோட திறக்கவே திறக்காதீங்க. உள்ளே அழுத்தத்தில் இருக்கிற கூலன்ட் பீறிட்டு முகத்தில் அடிக்கும். நல்லா ஆறின பிறகு அளவைப் பாருங்க. கசிவு இருந்தாலோ காரணம் தெரியலைன்னாலோ டோ வண்டியைக் கூப்பிடுங்க. ஏறின முள் தானா இறங்கினாலும் இதேதான் விதி. டோ பில் ரெண்டாயிரமோ நாலாயிரமோ, 74,000 பக்கத்தில் அது ஒண்ணுமே இல்ல.

இப்போ செய்ய வேண்டியது

மாசம் 1,500 ரூபாய்க்கு "கார் ரிப்பேர்"னே பேர் வெச்சு ஒரு ஆர்டி போடுங்க. வருஷத்துக்கு 18,000 ரூபாய் சேரும். கூலன்ட் மாத்தற கெடு மேனுவலில் இருக்கும், அதைக் காலண்டரில் குறிச்சுக்கோங்க. குழாய்த் தண்ணி ஊத்தாதீங்க, உள்ளே உப்புப் படியும். இன்னும் கார் வாங்கலை, தினம் எட்டு கிலோமீட்டர்தான் ஓட்டம்னா டீசலைத் தேடாதீங்க. அந்த ஓட்டத்துக்கு பெட்ரோலே போதும்.

அந்தத் தம்பி இப்போ மாசாமாசம் கொஞ்சம் கொஞ்சமா கல்யாணக் கணக்கை நிரப்பிக்கிட்டிருக்கார். தை மாசத்துக்குள்ள ஈடுகட்டிடுவார்னு நினைக்கிறேன். நீங்க நாளைக்குக் காலையில், ஸ்டார்ட் பண்றதுக்கு முன்னாடி, பானெட்டைத் திறந்து கூலன்ட் டேங்க் அளவை மட்டும் பாருங்க. மின், மேக்ஸ் கோடுகளுக்கு நடுவில் இருக்கணும். அதுக்கு ஒரு நிமிஷம் கூட ஆகாது.