காத்திருப்பவரின் கடிதம்

சிவகாசி வட்டாரப் பட்டாசு ஆலைகளில் வேலைக்குப் போகிறவர்கள் செல்போனை உள்ளே கொண்டுபோக முடியாது. தீப்பெட்டி, பீடி, பொறி தட்டக்கூடிய எதுவும் மருந்து அறைப் பக்கம் போகக் கூடாது என்ற விதியோடு சேர்ந்தே செல்போனும் வாசலில் நின்றுவிடும். காலையில் விட்டுப்போனால் வேலை முடிந்து வரும்போதுதான் கைக்கு வரும். ஜூலையிலிருந்து தீபாவளி வரை ஆலைகளில் மூச்சுவிட நேரமிருக்காது. அச்சகங்களிலும் ஆடிப்பெருக்கன்று புதுக் காலண்டர் ஆல்பத்தை வெளியிட்ட கையோடு ஆர்டர்கள் வரத் தொடங்கிவிடும். இதே மாதங்களில்தான் பொறியியல், மருத்துவக் கலந்தாய்வுகள் சுற்றுச் சுற்றாக நடக்கின்றன. விண்ணப்பத்தில் பெரும்பாலும் அப்பாவின் எண்ணையோ அம்மாவின் எண்ணையோதான் கொடுத்திருப்பார்கள். ‘ஒதுக்கீடு வந்துவிட்டது, உறுதி செய்யவும்’ என்ற குறுஞ்செய்தியும், உள்ளே நுழையத் தேவையான ஓடிபியும் அந்த எண்ணுக்குத்தான் வரும். பதில் சொல்லக் கிடைப்பது ஒன்றிரண்டு நாள். அதில் ஒரு பகல் முழுவதும் போன் ஆலை வாசலில் கிடக்கிறது.

விருதுநகர் மாவட்டத்துப் பிள்ளைகள் மதிப்பெண்ணுக்குக் குறை வைத்தவர்கள் அல்லர். பிளஸ் டூ தேர்ச்சியில் பல ஆண்டுகள் மாநிலத்தின் முதலிடத்தில் இருந்த மாவட்டம் இது. 2023இலும் 97.85 சதவீதத்தோடு முதலில் வந்தது. கல்லூரிகளும் எட்டும் தூரத்தில்தான் இருக்கின்றன. மெப்கோ ஷ்லெங்க் பொறியியல் கல்லூரி 1984இலிருந்து இங்கே இருக்கிறது. 2022 ஜனவரி 12 அன்று மாநிலத்தில் ஒரே நாளில் திறக்கப்பட்ட 11 அரசு மருத்துவக் கல்லூரிகளில் ஒன்று விருதுநகருக்குக் கிடைத்தது. அங்கே 150 எம்.பி.பி.எஸ். இடங்கள் உண்டு. ஆனால் கல்லூரி பக்கத்தில் இருப்பதால் வரிசை குறுகிவிடுவதில்லை. வரிசை மாநிலம் முழுவதற்கும் ஒன்றுதான். ஒன்றிரண்டு மதிப்பெண்ணில் கோட்டுக்கு அந்தப் பக்கம் நின்றுவிட்டவர்கள் அடுத்த சுற்றுக்காகக் காத்திருக்கிறார்கள். அந்த இடைவெளியில் குடும்பங்கள் செய்யும் முதல் வேலை, கல்லூரியோடு பேச ஆள் தேடுவது: தெரிந்த டிரஸ்டி, சங்கத்துப் பெரியவர், எம்.எல்.ஏ.வின் கடிதம், கல்லூரி அலுவலக வாசலில் ஒரு பகல். பேச வேண்டும் என்ற எண்ணம் சரிதான். பேசும் இடம்தான் தவறு. காத்திருப்பவர் சொல்வதற்கு இந்த முறையில் ஒரேயொரு இடத்தில்தான் மதிப்பு உண்டு. அவர் நிரப்பும் விருப்பப் பட்டியலும், ஒவ்வொரு சுற்றிலும் அவர் அழுத்தும் பதிலும்தான் அது. காத்திருப்பவர் எழுதக்கூடிய கடிதம் அதுவே.

ஏன் என்பது இந்த முறை பிறந்த கதையிலேயே இருக்கிறது. பொறியியலுக்கு ஒற்றைச் சாளரக் கலந்தாய்வு 1997இல் வந்தது. கல்லூரி கல்லூரியாக ஏறி இறங்குவதையும், ஆள் பார்த்து இடம் கொடுப்பதையும் ஒழிப்பதே அதன் நோக்கம். 2018இல் அது முழுக்க இணையவழியாக மாறியது. மறு ஆண்டு அண்ணா பல்கலைக்கழகத்திடமிருந்து தொழில்நுட்பக் கல்வி இயக்ககத்தின் கைக்குப் போனது. மருத்துவத்தில் 2017 முதல் நீட் மதிப்பெண்ணே அளவுகோல். இரண்டிலும் தரவரிசைப் பட்டியலை யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். முன்னால் இருப்பவர் விலகினால் பின்னால் இருப்பவர் நகர்வார். இட ஒதுக்கீட்டுப் பிரிவு, கேட்ட கல்லூரி, கேட்ட பாடம் ஆகிய மூன்றையும் ரேங்க்கோடு பொருத்திப் பார்த்துக் கணினி இடம் தருகிறது. ‘இந்தப் பையனுக்கு ஆர்வம் அதிகம்’ என்று எழுதிக் கொடுத்தால் அதைப் படிக்க அந்த வரிசையில் யாரும் உட்கார்ந்திருக்கவில்லை. கல்லூரி முதல்வரே விரும்பினாலும் அரசு ஒதுக்கீட்டு இடத்தில் ஒருவரை ஒரு படி முன்னால் தள்ள முடியாது.

ஆகவே பட்டியலில் எதை முதலில் எழுதுகிறோம், எதை இரண்டாவதாக எழுதுகிறோம் என்பதுதான் நம் வாய்மொழி. இங்கே தந்திரம் செய்து பார்க்கிறவர்கள் உண்டு. ‘பெரிய கல்லூரியை முதலில் போட்டால் கிடைக்காது, கிடைக்கிறதை மேலே போடு’ என்று பிரவுசிங் சென்டரிலேயே ஆலோசனை கிடைக்கும். இது தவறு என்பதற்குக் கணக்கே இருக்கிறது. டேவிட் கேல், லாயிட் ஷேப்லி என்ற இரண்டு கணித அறிஞர்கள் 1962இல் கல்லூரிச் சேர்க்கையைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார்கள். மாணவரின் விருப்பத்திலிருந்து தொடங்கி இடத்தைப் பொருத்தும் ஒரு முறையை அதில் வகுத்தார்கள். அந்த முறையில் மனத்தில் இருக்கும் வரிசையை அப்படியே எழுதுகிறவருக்கு நட்டமே வராது என்பது பின்னாளில் நிறுவப்பட்டது. இந்தத் துறையில் செய்த வேலைக்காக ஷேப்லிக்கும் ஆல்வின் ராத்துக்கும் 2012இல் பொருளாதார நோபல் கிடைத்தது. நம் கலந்தாய்வும் இந்த ஒரு விஷயத்தில் அதே குணம் கொண்டது. முதல் விருப்பம் கிடைக்காவிட்டால் கணினி இரண்டாவதைப் பார்க்கும். முதலில் பெரிதாகக் கேட்டதற்காக யாரையும் தண்டிக்காது. கிடைப்பதை மேலே போட்டவருக்குத்தான் அது கிடைத்துவிடும். அதற்குக் கீழே எழுதிய ஆசைக் கல்லூரி அன்றோடு கைவிட்டுப் போகும்.

அடுத்தது பதில். பொறியியல் கலந்தாய்வில் தற்காலிக ஒதுக்கீடு வந்ததும் திரையில் சில தெரிவுகள் வரிசையாக நிற்கும். ஏற்றுச் சேர்கிறேன்; ஏற்கிறேன், ஆனால் மேலே இடம் வந்தால் மாறுகிறேன்; இதை ஏற்கவில்லை, மேலே உள்ளதற்கு மட்டும் காத்திருக்கிறேன்; இதை விட்டு அடுத்த சுற்றுக்குப் போகிறேன்; முழுக்க விலகுகிறேன். இவற்றில் இரண்டாவதைத்தான் ‘அப்வர்ட்’ என்று பிள்ளைகள் சொல்கிறார்கள். கையில் ஒரு இடத்தை வைத்துக்கொண்டே காத்திருக்கும் வழி இது. ஆனால் அதில் ஒரு கண்ணி உண்டு. மேல் இடம் கிடைத்த நொடியில் பழைய இடம் தானாக ரத்தாகும். ‘எதற்கும் இருக்கட்டும்’ என்று தொலைதூரக் கல்லூரி ஒன்றைப் பட்டியலில் மேலே எழுதியவருக்கு அது உண்மையாகவே கிடைத்துவிடும். வீட்டுப் பக்கத்து இடம் போய்விடும். ஐஐடி, என்ஐடி சேர்க்கையில் இதே பேச்சுக்கு ஃப்ரீஸ், ஃப்ளோட், ஸ்லைட் என்று பெயர். இருப்பதே போதும் என்பது முதலாவது. எந்தக் கல்லூரியானாலும் என் பட்டியலில் மேலே உள்ளது வேண்டும் என்பது இரண்டாவது. இதே கல்லூரியில் வேறு பாடம் வேண்டும் என்பது மூன்றாவது. அகில இந்திய மருத்துவ ஒதுக்கீட்டில் முதல் சுற்றில் இழப்பின்றி விலகலாம். கடைசிச் சுற்றில் இடம் வாங்கிவிட்டுச் சேராமல் போனால் வைப்புத்தொகை போகும், அடுத்த தேர்வு எழுதத் தடையும் வரலாம். ஒரே ‘வேண்டாம்’, சொல்லும் சுற்றைப் பொறுத்து விலை மாறுகிறது. பதில் சொல்லாமல் இருப்பதற்கும் ஒரு பொருள் உண்டு: இடத்தைக் கைவிட்டதாகவே அதை எடுத்துக்கொள்வார்கள்.

‘ஊரில் சிபாரிசால் இடம் வாங்கியவர்கள் இருக்கிறார்களே’ என்று கேட்கலாம். இருக்கலாம். ஆனால் அது வேறு கதவு. சுயநிதிக் கல்லூரிகளின் நிர்வாக ஒதுக்கீட்டு இடங்கள் அந்தக் கதவுக்குப் பின்னால் இருக்கின்றன. கலந்தாய்வு வரிசைக்கும் அதற்கும் தொடர்பில்லை. சிபாரிசுக் கடிதம் கொடுத்த வாரத்திலேயே அடுத்த சுற்றில் இடம் நகர்ந்து வந்திருந்தால், காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதைதான் அது. இதைவிட ஆபத்தானது தரகரின் போன். காத்திருப்போர் பட்டியலில் இருக்கும் குடும்பம்தான் அவருக்கு நல்ல வாடிக்கை. பதற்றமும் இருக்கும், நகையோ நிலமோ கொஞ்சம் இருக்கும். நிர்ணயித்த கட்டணத்துக்கு மேல் வாங்குவதைத் தடைசெய்து தமிழ்நாடு 1992இலேயே தனிச் சட்டம் இயற்றியது. கலந்தாய்வு இடத்தை வாங்கித் தருவதாகச் சொல்கிறவர் தன்னிடம் இல்லாத ஒன்றை விற்கிறார். வரிசை தானாக நகர்ந்து இடம் வந்தால் பணம் அவருக்கு. வராவிட்டால் போன் அணைக்கப்பட்டிருக்கும்.

இரண்டாவது மறுப்பு வெளிநாட்டுக் கல்விக்குத் தயாராகும் பிள்ளைகளிடமிருந்து வரும். அமெரிக்க மருத்துவ, சட்ட, வணிகக் கல்லூரிகளில் காத்திருப்போர் எழுதும் கடிதத்துக்கு உண்மையிலேயே மதிப்பு இருக்கிறதே என்பார்கள். சரிதான்; அங்கே படிக்க ஆள் உட்கார்ந்திருக்கிறார். மதிப்பெண்ணோடு கட்டுரை, நேர்காணல், பரிந்துரை எல்லாவற்றையும் சேர்த்து ஒரு குழு முடிவு செய்கிறது. காத்திருப்போரை எண்ணிட்டு வரிசைப்படுத்தாத கல்லூரிகளே அதிகம். யாருக்கு இடம் கொடுத்தால் வருவார் என்று தெரிந்துகொள்வது அந்தக் குழுவுக்கும் தேவை. ஆனால் அங்கேயும் நல்ல கடிதத்தின் இலக்கணம் சிக்கனம்தான். முதலில் அந்தக் கல்லூரி கடிதத்தை ஏற்கிறதா என்று பார்க்க வேண்டும். வேண்டாம் என்று எழுதியிருக்கும் இடத்துக்கு அனுப்புவது, சொன்னதைக் கேளாதவர் என்ற பெயரைத்தான் வாங்கித் தரும். எழுதினால் ஒரு பக்கம் போதும். விண்ணப்பத்துக்குப் பிறகு புதிதாக என்ன நடந்தது, ஏன் இந்தக் கல்லூரி, இடம் கிடைத்தால் சேர்வது உறுதியா, அவ்வளவுதான். ‘கட்டாயம் சேர்வேன்’ என்ற வாக்கை ஒரு கல்லூரிக்கு மட்டுமே கொடுக்க முடியும். கூர்ந்து பார்த்தால் இதுவும் நம் விருப்பப் பட்டியலின் முதல் வரிதான். உண்மையான முதல் விருப்பத்தை, உரிய நேரத்தில், கேட்ட வடிவத்தில் சொல்வது இரண்டு ஊருக்கும் பொது.

மூன்றாவது மறுப்பு வயிற்றிலிருந்து வருவது. காத்திருப்பதற்குக் காசு வேண்டாமா? ஒரு கல்லூரியில் முன்பணம் கட்டி, அசல் சான்றிதழைக் கொடுத்துவிட்டவர் எப்படிக் காத்திருப்பார்? இங்கேதான் கல்லூரியோடு எழுத்தில் பேச வேண்டியிருக்கிறது. பல்கலைக்கழக மானியக் குழு 2018இல் வெளியிட்ட அறிவிக்கை, கல்லூரிகள் அசல் சான்றிதழைப் பிடித்து வைக்கக் கூடாது என்றது. சேர்க்கைக்கான கடைசி நாளுக்கு 15 நாளோ அதற்கு மேலோ இருக்கும்போது விலகினால் சிறு கழிவு போக முழுக் கட்டணமும் திரும்ப வேண்டும் என்றது. நாள் செல்லச் செல்லத் திரும்பும் தொகை குறையும், கடைசி நாள் கழிந்து 30 நாள் தாண்டினால் எதுவும் இல்லை. ஆக, தேதிதான் பணம். விலகும் கடிதத்தை நேரில் கொடுத்துத் தேதியிட்ட முத்திரையோடு நகல் வாங்குவதோ, அன்றே மின்னஞ்சல் அனுப்புவதோ, நூறு சிபாரிசைவிடப் பலன் தரும். கலந்தாய்வு அலுவலகத்தைக் கேட்பதாக இருந்தாலும் அப்படித்தான்: விண்ணப்ப எண், ரேங்க், சுற்று, ஒரே ஒரு கேள்வி. ‘எனக்கு இடம் கிடைக்குமா’ என்ற கேள்விக்கு அவர்களிடம் விடை இல்லை. ‘இரண்டாம் சுற்றில் ஏற்காமல் விட்டால் மூன்றாம் சுற்றில் கலந்துகொள்ளலாமா’ என்றால் ஒரு வார்த்தையில் சொல்லிவிடுவார்கள்.

நான்காவது மறுப்புதான் கனமானது. பிள்ளைகள் சரியாகப் பேசுகிறார்கள், முறைக்குத்தான் காது இல்லை என்பது அது. 2020 நவம்பரைப் பார்த்தால் இதில் உண்மை இருப்பது தெரியும். அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீத உள் ஒதுக்கீட்டில் முதல் மருத்துவக் கலந்தாய்வு அந்த மாதம் 18ஆம் தேதி தொடங்கியது. தனியார் கல்லூரியில் இடம் வந்த சில ஏழைப் பிள்ளைகள், கட்டணத்தை நினைத்து வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். கல்விக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே ஏற்கும் என்ற அறிவிப்பு அதே மாதத்தில், ஆனால் அவர்கள் வேண்டாம் என்று சொன்ன பிறகு வந்தது. சிலர் நீதிமன்றத்தை நாட வேண்டியிருந்தது. அவர்கள் தந்திரம் செய்யவில்லை, தாமதிக்கவில்லை. அன்று தெரிந்ததை வைத்து நேர்மையாகப் பதில் சொன்னார்கள். தெரிய வேண்டியதைத்தான் அவர்களிடம் யாரும் முன்னால் சொல்லவில்லை. முதுநிலை மருத்துவ இடங்களை அடைத்து வைப்பது பற்றிய வழக்கில், தனியார் கல்லூரிகள் கலந்தாய்வுக்கு முன்பே எல்லாக் கட்டணங்களையும் வெளியிட வேண்டும் என்று 2025இல் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டதன் நியாயமும் இதுதான்.

கால அவகாசமும் அப்படித்தான். 1940களின் அமெரிக்காவில் மருத்துவமனைகள் புதிய மருத்துவர்களைப் பயிற்சிக்கு எடுத்த கதையை ஆல்வின் ராத் ஆராய்ந்திருக்கிறார். விரும்பிய மருத்துவமனையில் காத்திருப்போர் பட்டியலில் இருந்தவர்கள், கிடைத்த இடத்துக்குப் பதில் சொல்லாமல் இழுத்தார்கள். மருத்துவமனைகள் அவகாசத்தை வெட்டின. 1945இல் 10 நாளாக இருந்தது குறைந்துகொண்டே வந்து, 1949இல் 12 மணி நேரமே அதிகம் என்று சொல்லும் அளவுக்குப் போனது. அந்தக் கூத்தை முடித்துவைத்தது 1952இல் வந்த மையப் பொருத்த முறை. அவகாசம் குறையும்போதெல்லாம், தகவலுக்கு அருகில் இருப்பவர் தப்பித்துக்கொள்வார், தூரத்தில் இருப்பவர் விழுவார். சென்னையில் அலுவலகம் போகும் தந்தையின் போன் அவர் சட்டைப் பையில் இருக்கிறது. சிவகாசியில் அது வாசலில் இருக்கிறது.

எனவே கேட்க வேண்டியது இரண்டு பக்கமும் உண்டு. கலந்தாய்வு நடத்துகிறவர்கள் சென்ற ஆண்டு ஒவ்வொரு சுற்றிலும் எந்த ரேங்க் வரை வரிசை நகர்ந்தது என்பதை ஒரே பக்கத்தில் தமிழில் வெளியிடட்டும். ஒவ்வொரு தெரிவுக்கும் விளைவு என்ன என்று அழுத்தும் இடத்திலேயே எழுதட்டும். உறுதி செய்யும் கடைசி நேரத்தை மாலை ஐந்து மணிக்கு வைக்காமல் இரவுக்குத் தள்ளட்டும். குடும்பங்கள் செய்ய வேண்டியது இன்னும் எளிது. விண்ணப்பம் போடும் அன்றே, பகலில் கையில் போன் இருக்கும் ஒருவரின் எண்ணைப் பதியட்டும். பிள்ளையின் எண்ணாகவே இருந்தால் இன்னும் நல்லது. விருப்பப் பட்டியலை முந்தின இரவே தாளில் எழுதி, ‘இந்த இடம் வந்தால் இந்தப் பதில்’ என்று ஒவ்வொன்றுக்கும் நேராகக் குறித்து வைக்கட்டும். ஆலை வேலை முடிந்து போனைக் கையில் வாங்கும் அப்பாவுக்கு அப்போது ஒரு செய்தி மட்டுமே காத்திருக்க வேண்டும்: பதில் போய்ச் சேர்ந்துவிட்டது.