கியர்ப் பெட்டிக்கு உகந்த எண்ணெய்

சொந்தமாகக் கார் வைத்திருப்போர் எஞ்சின் ஆயிலின் விஷயத்தில் காட்டும் சிரத்தையில் ஒரு சிறு பங்கைக்கூடக் கியர்ப் பெட்டிக்குள் கிடக்கும் எண்ணெயினிடம் காட்டுவதில்லை. வருஷக்கணக்கில் யார் கண்ணிலும் படாமல் தன் வேலையைச் செய்துகொண்டிருக்கும் அந்த எண்ணெய், ஒரு நாள் காலையில் இரண்டாவது கியர் விழ மறுத்துக் 'கிர்ர்' என்று பல் உரசும் சப்தம் எழும்போதுதான் நினைவுக்கு வருகிறது. உடனே உதிரிபாகக் கடைக்குப் போய், "அண்ணே, தொண்ணூறு ஆயில் ரெண்டு லிட்டர் கொடுங்க" என்கிறோம். தொண்ணூறு என்பது எண்ணெயின் கனத்தை மட்டுமே சொல்லும். அந்த எண்ணெய் எந்த வகையான பல்சக்கரங்களுக்காகத் தயாரிக்கப்பட்டது என்பதைச் சொல்வது டப்பாவின் மேல் அச்சிட்டிருக்கும் ஜிஎல்-4, ஜிஎல்-5 என்னும் குறியீடு. கியர்ப் பெட்டியின் ஆயுளைப் பொறுத்தவரை கனத்தைவிட அதுவே முக்கியம் என்பது என் திடமான அபிப்பிராயம்.

அதற்குக் காரணம் பெட்டியின் உள்ளே இருக்கிறது. வெவ்வேறு வேகத்தில் சுழலும் சக்கரங்களை இணைப்பதற்கு முற்காலத்து ஓட்டுநர்கள் கிளட்சை இருமுறை மிதித்து, எஞ்சினின் வேகத்தைக் காதால் கணித்து, தருணம் பார்த்துக் கியர் மாற்ற வேண்டியிருந்தது. 1928-ஆம் வருஷத்தில் அமெரிக்காவின் காடிலாக் கார்களில் சிங்க்ரோமெஷ் அமைப்பு வந்த பிறகு அந்தச் சிரமம் படிப்படியாக நீங்கிற்று. இன்றைய கார்களில் பெரும்பாலும் பித்தளையாலான ஒரு வளையம், பல்சக்கரத்தின் பக்கத்திலுள்ள கூம்பின் மீது அழுந்தி, உராய்வினாலேயே இரண்டின் வேகத்தையும் சமமாக்குகிறது. வளையத்தின் உட்புறத்தில் நூல்போல ஓடும் மெல்லிய வரிகள் எண்ணெய்ப் படலத்தை வழித்துத் தள்ளினால்தான் அந்தப் பிடிப்பு உண்டாகும். ஆகவே ஒரே எண்ணெய், பற்களுக்கிடையே வழுக்கவும் வேண்டும், வளையத்தினடியில் பிடிப்புக்கு இடங்கொடுக்கவும் வேண்டும். அளவுக்கு மீறி வழுக்கும் எண்ணெயை ஊற்றினால், எண்ணெய்க் கையால் ஊறுகாய் ஜாடியின் மூடியைத் திருகுவது போல, வளையம் கூம்பைச் சுற்றி வழுக்குமேயன்றிப் பிடிக்காது.

ஜிஎல்-5 எண்ணெய் உருவானதன் நோக்கமே வேறு. 1920-களின் பிற்பகுதியில் பேக்கார்ட் கார்களில் இடம்பெற்ற ஹைபாய்டு என்னும் பின் அச்சுப் பல்சக்கர அமைப்பில், பினியன் என்னும் சிறு பல்சக்கரம் கிரௌன் வீல் என்னும் பெரிய பல்சக்கரத்தின் மையத்திற்குக் கீழே பொருந்துவதால், பற்கள் ஒன்றன்மேல் ஒன்று உருள்வதோடு நில்லாமல் மிகுந்த அழுத்தத்துடன் இழுபட்டுச் சறுக்கவும் செய்கின்றன. அந்த அழுத்தத்தில் சாதாரண எண்ணெய்ப் படலம் அறுந்துவிடும். அதற்காகவே கந்தகமும் பாஸ்பரஸும் கலந்த ரசாயனங்களைச் சேர்க்கிறார்கள். உஷ்ணம் ஏறும் இடத்தில் அவை இரும்போடு கலந்து ஒரு மெல்லிய பூச்சை உண்டாக்க, உலோகத்துக்குப் பதில் அந்தப் பூச்சு தேய்கிறது. கியர் ஆயிலின் மூக்கைத் துளைக்கும் நாற்றமும் இந்தக் கந்தகத்தினால் வருவதுதான். ஜிஎல்-4-இல் உள்ளதைப் போல ஏறத்தாழ இரு மடங்கு ரசாயனம் ஜிஎல்-5-இல் உண்டு. உஷ்ணமான கந்தகம் பித்தளையிலுள்ள செம்பையும் விடாது பற்றிக் கறுக்கச் செய்து அரிக்கும். பித்தளைக்குத் தீங்கு செய்யாத ஜிஎல்-5 எண்ணெய்கள் இக்காலத்தில் கிடைக்கின்றன என்பது உண்மையே. ஆனால் அவற்றிலும் வளையத்துக்குத் தேவையான பிடிப்புக் குறையக்கூடும். ஐந்து நான்கைவிடப் பெரிது, விலையும் அதிகம், ஆகையால் உயர்ந்தது என்று எண்ணி வாங்குகிறவர் தம் காருக்கு நல்லது செய்வதாகவே நம்புகிறார் என்பதுதான் வருத்தத்துக்குரிய விஷயம்.

நம் சாலைகளில் பழகிய இரண்டு வண்டிகளை எடுத்துக்கொண்டால் விஷயம் தெளிவாகும். 1983 டிசம்பரில் வெளிவந்த மாருதி 800-க்கும், மறு வருஷம் வந்து பிற்பாடு ஆம்னி என்று பெயர் பெற்ற வேனுக்கும் எஞ்சின் ஒன்றே, 796 சி.சி. ஆனால் 800-இல் எஞ்சின் குறுக்காகப் படுத்து முன்சக்கரங்களை இழுக்கிறது. சுழற்சியைச் செங்கோணத்தில் திருப்ப வேண்டிய அவசியமில்லாமையால் ஹைபாய்டும் இல்லை. கியர்களுக்கும், இரு சக்கரங்களுக்கும் சுழற்சியைப் பிரித்துத் தரும் டிஃபரன்ஷியலுக்கும் ஒரே பெட்டி, ஒரே ஜிஎல்-4 எண்ணெய். ஆம்னியிலோ முன்னால் கியர்ப் பெட்டி, பின் அச்சில் தனி டிஃபரன்ஷியல். முன்னதற்கு ஜிஎல்-4, பின்னதற்கு ஜிஎல்-5. மீந்ததை மாற்றி ஊற்றினால் முன்னால் சிங்க்ரோ வளையத்துக்கும் பின்னால் கிரௌன் வீலுக்கும் கேடு.

விதிவிலக்குகளும் உண்டு. சுபாரு கார்களின் கியர்ப் பெட்டிக்குள்ளேயே ஹைபாய்டு அமைந்திருப்பதால் அங்கே ஜிஎல்-5 வேண்டியிருக்கிறது. ஹோண்டா, தன் பெட்டிகளுக்கென்றே மெல்லிய எண்ணெய் ஒன்றை நிர்ணயித்திருக்கிறது. 1959-இல் வந்த பிரிட்டிஷ் மினியில் எஞ்சினுக்கும் கியருக்கும் எண்ணெய் ஒன்றே. ஆகவே நண்பர் சொன்னதையோ கடைக்காரர் கையில் கிடைத்ததையோ நம்பாமல், வண்டியுடன் வந்த கையேட்டைப் புரட்டுவதே முறை.

இனி அந்தத் தொண்ணூறு. எஞ்சின் ஆயிலின் எண்களும் கியர் ஆயிலின் எண்களும் வெவ்வேறு அளவுகோலைச் சேர்ந்தவை. 100 டிகிரி உஷ்ணத்தில் 90 எண் கியர் ஆயிலின் கனம் 13.5 முதல் 18.5 சென்டிஸ்டோக் வரை இருக்கும். 40 எண் எஞ்சின் ஆயிலோ 12.5 முதல் 16.3 வரை. இரண்டும் ஏறக்குறைய ஒரே கனம்தான். 75டபிள்யூ-90 என்பதில் முன்னுள்ள எண் குளிரில் எண்ணெயின் ஓட்டத்தைக் குறிப்பது. சென்னையில் பனியேது என்று கேட்கலாம். ஆனால் மார்கழி விடியலில் உதகையிலோ கொடைக்கானலிலோ வண்டியை எடுப்பவருக்கு 75-க்கும் 85-க்கும் உள்ள வித்தியாசம் கியர்க் கம்பியைப் பிடித்த கையிலேயே தெரியும். கியர் சத்தம் போடுகிறது என்று 140 எண் எண்ணெயை ஊற்றுவோருக்குச் சத்தம் அடங்கலாம். ஆனால் கனத்த படலத்தை வளையம் வழிக்க மாட்டாமல் திணறும்.

மாற்றும்போது கவனிக்க வேண்டியவை சில. வண்டி சிறிது தூரம் ஓடி எண்ணெய் சூடேறிய பின், சமதளத்தில் நிறுத்தி, முதலில் மேலே ஊற்றும் துளையின் திருகைக் கழற்ற வேண்டும். அது துருவேறி இறுகியிருப்பது கீழே எண்ணெயை வடித்த பிறகு தெரிந்தால் வண்டியை நகர்த்த வழியிராது. புதிய எண்ணெய் பெரும்பாலான பெட்டிகளில் அந்தத் துளையின் விளிம்பிலிருந்து சொட்டத் தொடங்கும் அளவே போதும். அதற்கு மேல் திணித்தால் ஆயில் சீல் வழியே கசியும். வடிதுளையின் திருகில் காந்தம் இருந்தால் அதில் சாம்பல் நிறக் குழம்பு ஒட்டியிருக்கும். விரலால் தேய்த்துப் பார்த்தால் நெருநெருக்காத வரையில் அது இயல்பான தேய்மானம். வடித்த எண்ணெயை வெயிலில் சாய்த்துப் பார்க்கையில் பொன்னிறப் பொடி மினுங்கினால், காந்தத்தில் ஒட்டாத அந்தப் பொடி பித்தளை வளையத்தினுடையது; அந்நிலையில் புதிய எண்ணெயை மாத்திரம் நம்பாமல், மெக்கானிக்கிடம் பெட்டியைப் பிரித்து வளையங்களைப் பார்க்கச் சொல்ல வேண்டும்.