ஏழாம் படியில் தொடங்கிய பயணம்

ஜெர்மனி நாட்டின் கால்பந்துப் போட்டிகள் ஏணிப்படிகளைப் போல அமைந்தவை. உச்சிப் படி புண்டஸ்லிகா எனப்படும். கீழ்ப்படிகளில் சிறு நகர, சிற்றூர் அணிகள் ஆடுகின்றன. ஆண்டுதோறும் முன்னணியில் நிற்கும் அணிகள் ஒரு படி உயரும். பின்தங்கும் அணிகள் ஒரு படி இறங்கும்.

மிரோஸ்லாவ் குளோசே 1978ஆம் ஆண்டு போலந்தில் பிறந்தவர். எட்டு வயதில் ஜெர்மனியின் கூசல் நகருக்குக் குடிபெயர்ந்தபோது, அந்நாட்டு மொழியில் அவர் அறிந்தவை இரண்டே சொற்கள். மொழி புதிது; ஆயினும் பந்து பழகியதே. வளர்ந்தபின் தச்சுத் தொழில் பயின்றுகொண்டே, அருகிலிருந்த சிற்றூர் அணிக்காக ஏழாம் படியில் ஆடினார். இருபது வயதை எட்டும்வரை அவரது இடம் அதுவே.

அவ்வணி உச்சிக்கு உயரவில்லை, அவர் உயர்ந்தார். 1998இல் ஹோம்பூர்க் சங்கத்திலும், 1999இல் கைசர்ஸ்லாட்டர்ன் சங்கத்தின் இரண்டாம் அணியிலும் சேர்ந்தார். 2000இல் புண்டஸ்லிகாவில் களமிறங்கினார். 2002 உலகக் கோப்பையில் தாம் அடித்த ஐந்து கோல்களையும் தலையால் முட்டியே அடித்தார். 2014இல் பிரேசிலுக்கு எதிரான அரையிறுதியில் அடித்தது, உலகக் கோப்பைகளில் அவரது 16ஆவது கோல். அதுவரை எவரும் அத்தனை கோல்கள் அடித்ததில்லை.

உச்சியை எட்டிய அவருக்கு, கீழ்ப்படியில் கழிந்த ஆண்டுகளே அடித்தளமாயின.