உடைந்த ஃபுட்ரெஸ்டும் ஒரு போல்ட்டின் கணக்கும்

போன மாதம் அக்கா பையன் ஒரு உடைந்த போல்ட்டைக் கொண்டு வந்து என் மேஜையில் வைத்தான். வீலி பழகுவதற்காகவே ஒரு பழைய பைக்கை வைத்திருக்கிறான். கீழே விழுந்து விழுந்து, பின்னால் உட்காருபவர் கால் வைக்கும் இடது ஃபுட்ரெஸ்ட் எப்போதோ முறிந்துவிட்டது. அந்த ஓட்டையில் ஒரு நீளமான எம்10 போல்ட்டைச் செருகி, நட்டைப் போட்டு முறுக்கி, அதன்மேல் ஏறி நின்றுதான் இரண்டு வாரமாக ஓட்டியிருக்கிறான். அது உடைந்ததில் முழங்காலுக்குக் கீழே நல்ல சிராய்ப்பு, ஆனால் எலும்புக்கு ஒன்றும் ஆகவில்லை.

"8.8 போல்ட் மாமா, உடையவே உடையாதுன்னு கடையில சொன்னாங்க" என்றான்.

கடைக்காரர் சொன்னதில் பொய் இல்லை. நல்ல போல்ட்தான், ஆனால் அதற்குக் கொடுத்த வேலைதான் தப்பு. அது ஏன் என்று கணக்குப் போட்டுப் பார்த்ததையே இங்கே எழுதி வைக்கிறேன்.

முதலில், ஆளே உட்காராத பைக்கில் பின் ஃபுட்ரெஸ்ட் எதற்கு? நின்றுகொண்டு வீலி செய்பவர்கள் பலர் வலது காலை முன் ஃபுட்ரெஸ்டிலேயே விட்டுவிடுவார்கள், பின் பிரேக் அங்கேதானே இருக்கிறது. இடது காலைப் பின் ஃபுட்ரெஸ்டில் வைப்பார்கள். உடம்பின் எடை பின் சக்கரத்தின் அச்சுப் பக்கம் நகர்வதால் முன் சக்கரம் சுலபமாகத் தூக்கும். தூக்கும்போதும், முன் சக்கரம் திரும்பத் தரையில் 'தொப்'பென்று இறங்கும்போதும் அந்த இடது ஃபுட்ரெஸ்டில்தான் உதை அதிகம். உட்கார்ந்து வருபவரின் காலைத் தாங்குவதற்கென்று செய்த பாகம் அது. அதில் ஒரு முழு ஆள் ஏறிக் குதிக்கிறான்.

இனி கணக்கு. பையன் 70 கிலோ. மொத்த எடையும் ஒரே ஃபுட்ரெஸ்டில், பிராக்கெட்டிலிருந்து 60 மி.மீ. தள்ளி விழுகிறது என்று வைத்துக்கொள்வோம். விசை சுமார் 690 நியூட்டன். அதை 60 மி.மீ.யால் பெருக்கினால் சுமார் 41 நியூட்டன் மீட்டர். போல்ட்டை வளைக்கப் பார்க்கும் முறுக்கம் இதுதான். சன்ஷேட் மாதிரி ஒரு பக்கம் மட்டுமே பிடிமானம் என்பதால் இந்த வளைவு முழுவதையும் பிராக்கெட்டை ஒட்டிய இடமே தாங்க வேண்டும்.

எம்10 என்றால் 10 மி.மீ. விட்டம் என்று நினைக்கிறோம். ஆனால் அவன் போட்டது முழுக்க மரை உள்ள போல்ட். மரையின் பள்ளத்தில் மிஞ்சுவது 8.16 மி.மீ. மட்டுமே. வளைவைத் தாங்கும் திறன் விட்டத்தின் மூன்றாம் படியைப் பொறுத்தது என்பதால், விட்டத்தில் 18 சதவீதம் குறைந்ததற்கே வலிமை கிட்டத்தட்ட பாதியாகிவிடுகிறது. அந்த இடத்தில் வரும் தகைவு ஏறக்குறைய 770 மெகா பாஸ்கல். போல்ட்டின் தலையில் 8.8 என்று போட்டிருப்பதன் அர்த்தம், 800-ல் அறுந்துவிடும், அதில் 80 சதவீதமான 640-லேயே நிரந்தரமாக வளையத் தொடங்கும் என்பது. அதாவது அவன் எடை முழுவதையும் அதில் போட்டு அசையாமல் நின்றாலே அது எல்லையைத் தாண்டியாயிற்று. முன் சக்கரம் இறங்கும் அதிர்ச்சிக்கு மூன்று மடங்கு என்று தோராயமாக எடுத்தால் 2,300 வருகிறது. எம்12 போட்டாலும் 1,300. பெரிய போல்ட் போடுவது இதற்குத் தீர்வில்லை.

பின் எப்படி இரண்டு வாரம் தாங்கியது? பெரும்பாலான நேரம் எடை இரண்டு காலுக்கும் பிரிந்திருக்கும். உடைந்த முகத்தைப் பார்த்தால் மீதியும் புரிகிறது. மேல் பக்கம் பிறை வடிவில் பழுப்பாக, வழவழப்பாக இருந்தது. மீதி இடம் சொரசொரப்பாக, புதுசாக மின்னியது. பழுப்பாக இருந்த பகுதி முன்னாடியே விரிசல் விட்டு, காற்றும் ஈரமும் பட்ட இடம். ஒவ்வொரு உதைக்கும் அது கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே போய், மிச்சம் தாங்காமல்போன அன்றைக்கு அறுந்திருக்கிறது. வெளியிலிருந்து பார்த்திருந்தால் எதுவும் தெரிந்திருக்காது. எனக்குப் பயம் தந்தது இதுதான்.

அடுத்து அவன் கேட்டது, "வெல்டு வெச்சுடலாமா மாமா?" வேண்டாம். 8.8 போல்ட்டுக்கு அந்த வலிமை வந்ததே சூடாக்கிக் குளிர்வித்து, திரும்பப் பதமாக்கியதால்தான். வெல்டிங் சூட்டில் அந்தப் பதம் கெட்டுவிடும், அதுவும் வளைவு அதிகமாக உள்ள அதே இடத்தில்.

லேத் பட்டறை அண்ணனிடம் கேட்டுச் செய்த வழி இது. 22 மி.மீ. வெளிவிட்டமும் 3 மி.மீ. கனமும் உள்ள இரும்புப் பைப்பில் 100 மி.மீ. துண்டு. அதன் இரண்டு முகங்களும் லேத்தில் சரியான செங்கோணத்தில் சீவியிருக்க வேண்டும். வெளி முனையில் கனமான வாஷர். எம்10 போல்ட் பைப்புக்குள் நீளவாக்கில் போய் பிராக்கெட்டைத் தாண்டி வெளியே வரும், அங்கே நைலாக் நட். பிராக்கெட் அலுமினியம் என்பதால் அதன் இரண்டு பக்கமும் 5 மி.மீ. இரும்புத் தட்டு.

அதே எம்10 போல்ட்தான், ஆனால் அதன் வேலை மாறிவிட்டது. வளைவை இப்போது பைப் வாங்கிக்கொள்கிறது. மூன்று மடங்கு அதிர்ச்சியிலும் பைப்பில் வரும் தகைவு சுமார் 165 மெகா பாஸ்கல். சாதாரண இரும்பு 250 வரை தாங்கும். பைப்பின் கீழ் விளிம்பு பிராக்கெட்டில் ஊன்றி நிற்க, போல்ட் அதைப் பிடித்து இழுக்கிறது. ஊன்றும் இடத்துக்கும் போல்ட்டுக்கும் சுமார் 10 மி.மீ. தூரம் என்றால் போல்ட்டில் வரும் இழுப்பு சுமார் 1.25 டன். டார்க் ரெஞ்சில் 50 நியூட்டன் மீட்டர் வைத்தால் அந்த போல்ட் ஏற்கனவே சுமார் 2.5 டன் இழுப்பில் இறுகியிருக்கும். அதனால் இடைவெளி திறக்காது. இடைவெளி திறக்காதவரை ஒவ்வொரு உதையும் போல்ட்டை ஆட்டிப் பார்ப்பதில்லை, விரிசலும் அவ்வளவு சுலபத்தில் தொடங்காது.

இதில் ஒரு நிபந்தனை உண்டு. இறுக்கம் தளர்ந்தால் இந்தக் கணக்கு முழுக்கப் பொய்யாகிவிடும். அதனால் நட்டுக்கும் தட்டுக்கும் குறுக்கே பெயிண்டில் ஒரு கோடு போட்டிருக்கிறோம். கோடு விலகியிருந்தால் அன்றைக்கு வண்டி எடுக்கக் கூடாது. ஷூ வழுக்காமல் இருக்கப் பைப்பின் வெளிப்பாதியில் மட்டும் நர்லிங் போட்டோம். பிராக்கெட்டை ஒட்டிய 30 மி.மீ.யில் ஒரு கீறல்கூடக் கூடாது. விரிசல் பிறக்கும் இடமே அதுதான்.

"இன்னும் கனமா போடலாமே" என்றான். கூடாது. பைக் சாயும்போது முதலில் தரையில் மோதுவது இந்த மாதிரி நீட்டிக்கொண்டிருப்பதுதான். இந்தப் பைப் சுமார் 320 கிலோ பாரத்தில் வளையத் தொடங்கும். வளையட்டும், சின்னத் துண்டுதானே, மாற்றிக்கொள்ளலாம். அது வளையாவிட்டால் அடி பிராக்கெட் வழியாகச் சப்ஃபிரேமுக்குப் போய் அங்கே விரிசல் விடும். வீட்டில் ஃபியூஸ் போடுவதும் இதே காரணத்துக்குத்தான். கம்பெனி ஃபுட்ரெஸ்ட் மேலே மடங்குவதிலும் இந்த நன்மை இருக்கிறது. நாங்கள் செய்தது மடங்காது. அந்த வகையில் இது ஒரு மட்டம் கீழேதான்.

அதனால்தான் கடைசி விஷயத்தில் நான் கறாராக இருந்தேன். இதே பைக்கில் அவன் அவ்வப்போது அக்காவைக் கோயிலுக்குக் கூட்டிப்போவான். அக்கா புடவையில் ஒருபக்கமாக உட்காருவாள். இரண்டு காலும் இடது பக்கம், அந்த உடைந்த போல்ட் இருந்த பக்கம். ஸ்டண்டுக்கு இடைஞ்சல் என்று சேலை கார்டையும் கழற்றி வைத்திருக்கிறான். பின்னால் ஆள் உட்கார வசதியுள்ள பைக்குக்குக் கைப்பிடியும் ஃபுட்ரெஸ்டும், துணி சிக்காதபடி பின் சக்கரத்தில் பாதிக்குக் குறையாமல் மறைக்கும் தடுப்பும் வேண்டும் என்று 1989 மத்திய மோட்டார் வாகன விதிகளின் 123-ஆம் விதி சொல்கிறது. காரணமில்லாமல் எழுதின விதி இல்லை அது.

உடைந்த முகத்தை அவனிடம் காட்டி, பழுப்பு நிறம் எத்தனை நாள் பழசு என்று விளக்கினேன். அந்த நாட்களில் அக்கா எத்தனை தடவை அதன்மேல் கால் வைத்தாள் என்று மட்டும் கேட்டேன். பதில் சொல்லவில்லை. மறுநாள் பின் சீட்டைக் கழற்றிவிட்டு எனக்கு போட்டோ அனுப்பினான். அக்கா இப்போது என் ஸ்கூட்டரில் வருகிறாள்.