மேசைக்கு அப்பால் ஒரு பதில்

புத்தளத்திற்கு வடக்கே, களப்பிற்கும் வில்பத்துக் காட்டிற்கும் இடையே கிடக்கிறது வண்ணாத்திவில்லு. இங்கே மரமுந்திரிகைத் தோட்டக்காரனுக்கும் வலை வீசுபவனுக்கும் அரசாங்கம் என்பது கொழும்பு அன்று. கந்தோர் மேசையே அரசாங்கம். அம்மேசை சொல்வதே சட்டம். "நாளை வாருங்கள்" என்பதும் அச்சட்டத்தில் ஒரு பிரிவு!

மேசையைத் திருத்த முயன்றோர் பலர். 1963ஆம் ஆண்டில் விதானைமார் முறை ஒழிந்து கிராம சேவகர் வந்தார். 1992ஆம் ஆண்டுச் சட்டம் கச்சேரியின் அதிகாரங்களைப் பிரதேச செயலாளரிடம் கொணர்ந்தது. நடைவழி குறுகியது, காத்திருப்புக் குறுகிற்றா? நான் அறிந்த முதியவர் ஒருவர், காணி உத்தரவுப் பத்திரமொன்றின் பொருட்டு, ஒரு கந்தோர் வாசலில் ஐந்து மாரிகளைக் கண்டார்.

மேலிடத்துக் கதையோ ஊஞ்சலாட்டம். அரசாங்க சேவை ஆணைக்குழுவிடமிருந்த நியமன, இடமாற்ற அதிகாரங்களை 1972ஆம் ஆண்டு அரசியலமைப்பு அமைச்சரவையிடம் ஒப்படைத்தது. 2001இல் 17ஆம் திருத்தம் ஆணைக்குழுவை நிமிர்த்தியது. 2010இல் 18ஆவது சாய்த்தது. 2015இல் 19ஆவது நிமிர்த்தியது. 2020இல் 20ஆவது சாய்த்தது. 2022இல் 21ஆவது மீண்டும் நிமிர்த்தியது. தன் இடமாற்றம் யார் கையில் என்று அறியாத உத்தியோகத்தர், குடிமகன் முகத்தை நோக்குவாரா, அமைச்சர் முகத்தை நோக்குவாரா?

ஆதலின் மேலிருந்து வரும் சீர்திருத்தத்தை மட்டும் நம்பியிருத்தல் தகாது என்பேன். கீழிருந்து கேட்கவும் ஒரு வழியுண்டு. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலுக்கான உரிமைச் சட்டம், 2017 பெப்ரவரி 3ஆம் நாள் நடைமுறைக்கு வந்தது. தகவல் கேட்பதற்குக் காரணம் கூற வேண்டுவதில்லை. எழுத இயலாதவர் வாயாற் சொன்னால், எழுதிக்கொள்வது தகவல் அலுவலரின் கடமை. தமிழிலேயே கேட்கலாம். 14 வேலை நாட்களுக்குள் முடிவு சொல்லல் வேண்டும். மறுப்பின் காரணம் காட்டல் வேண்டும். அதற்கும் மேல் முறையீடு உண்டு. இறுதியில் ஆணைக்குழுவும் உண்டு.

இச்சட்டம் காணியைத் தந்துவிடாது. ஆயினும், "என் கோப்பு எந்த நாள் முதல் யார் மேசையில் கிடக்கிறது?" என்ற கேள்விக்குத் திகதியும் கையொப்பமும் இட்ட விடையைத் தரும். வாய்ச்சொல்லை மறுக்கலாம், கையொப்பத்தை மறுத்தல் எளிதன்று. நல்ல உத்தியோகத்தருக்கும் அதுவே காவல்: மேலிடத்து அழுத்தம் வருங்கால், "எழுத்தில் பதில் சொல்ல வேண்டியவன் நான்" என்று அவர் நிமிர்ந்து கூறலாமன்றோ?

பொறுப்பு என்பது பதவியோடு வரும் அணிகலன் அன்று. கேட்பவர் இருக்கும் வரை நிலைக்கும் பழக்கம். கேளாத ஊருக்கு எத்திருத்தமும் காகிதமே.